கச்சா எண்ணெய் இறங்கினாலும் பெட்ரோல் பங்கில் விலை இறங்காதது யாருக்கு எவ்வளவு வலிக்கிறது?

நங்கநல்லூர் வாசகன் (இழையைத் தொடங்கியவர், நவம்பர் 2025)

சென்னையில் 2024 மார்ச் 15 அன்று லிட்டருக்கு ஏறத்தாழ 2 ரூபாய் குறைந்த பிறகு, பெட்ரோல் விலை 101 ரூபாயை ஒட்டியே நின்றுகொண்டிருக்கிறது. அப்போது பீப்பாய் 80 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் இப்போது 65 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. நாடு முழுவதும் தினசரி விலை நிர்ணயம் 2017 ஜூன் 16-இல் தொடங்கியபோது, உலகச் சந்தையின் ஏற்றமும் இறக்கமும் அன்றன்றே நுகர்வோரைச் சேரும் என்று காரணம் கூறப்பட்டது. ஏற்றம் சேர்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். இறக்கம் எங்கே தங்கிவிட்டது என்பதே என் கேள்வி.

இதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விலை அசையாமல் நிற்பதால் என் போன்று இரு சக்கர வாகனத்தில் அலுவலகம் செல்பவருக்கும், சவாரி ஏற்றிப் பிழைக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும், லாரி வைத்திருப்பவருக்கும் ஒரே அளவு நன்மையோ தீமையோ ஏற்படுகிறதா? ஒருவருக்குப் பாதுகாப்பாக இருப்பது இன்னொருவருக்குச் சுமையாக இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. அவரவர் கணக்கை இங்கே வைத்தால் பேச எளிதாக இருக்கும். எந்தக் கட்சி ஏற்றியது, எந்தக் கட்சி இறக்கியது என்ற சண்டைக்கு வேறு இழைகள் ஏராளமாக உள்ளன.

ஏட்டுக்கணக்கர்

முதலில் ஒரு திருத்தம். டாலரில் மட்டும் ஒப்பிடுவது சரியான ஒப்பீடு ஆகாது, ஏனெனில் நாம் ரூபாயில்தான் எண்ணெய் வாங்குகிறோம். 2022 ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை ஏறத்தாழ 103 டாலர். அப்போது ஒரு டாலருக்கு 76 ரூபாய். கடந்த மாதம் 65 டாலர் என்று கொண்டால், டாலர் 88 ரூபாயாகிவிட்டது. ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர் என்று வகுத்துப் பார்த்தால் அன்று லிட்டருக்கு 49 ரூபாய், இன்று 36 ரூபாய். டாலர் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது, ரூபாய்க் கணக்கில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கே இறங்கியிருக்கிறது. ஆனாலும் லிட்டருக்கு 13 ரூபாய் என்பது சிறிய தொகை அன்று.

இதே காலத்தில் சென்னைப் பங்கில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசிலிருந்து 101 ரூபாய்க்கு வந்தது. சுமார் 10 ரூபாய் குறைந்ததே, அதுதானே இறக்கம் என்று சிலர் வாதிடுவார்கள். அந்தப் பத்தில் எட்டு ரூபாய் 2022 மே 22 அன்று மத்திய அரசு கலால் வரியைக் குறைத்ததால் வந்தது. எண்ணெய் நிறுவனங்கள் விட்டுக்கொடுத்தது 2024 மார்ச்சில் குறைந்த அந்த 2 ரூபாய் மட்டுமே. ஆகவே கச்சா எண்ணெய் மலிந்ததன் பயன் நம் கைக்கு ஏறக்குறைய வரவே இல்லை.

நிறுவனங்களின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 6-க்குப் பிறகு, கச்சா எண்ணெய் 110 டாலரைத் தாண்டிய மாதங்களிலும் அவை விலையை ஏற்றவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்களில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்றும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டின. உலகமெங்கும் விலை எகிறிய காலத்தில் நம்மைக் காத்தது அந்த நட்டம்தான். பிறகு 2023-24 நிதியாண்டில் அதே மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய் லாபம் ஈட்டின. பழைய நட்டத்தை ஈடுகட்டிய பிறகும் விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், சமையல் எரிவாயுவை அடக்கவிலைக்குக் கீழே விற்பதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அதற்காக மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் 30,000 கோடி ரூபாய் இழப்பீட்டை ஒப்புக்கொண்டும் ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெய் சரிந்த 2025 ஏப்ரலில் மத்திய கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டப்பட்டது. பங்கில் விலை மாறாததால் பலருக்கு அது தெரியவே தெரியாது. நமக்கு வந்திருக்க வேண்டிய இறக்கத்தில் 2 ரூபாய் அப்படியே வரியாக மாறிப்போனது.

அயனாவரம் ஆட்டோ

கணக்கர் ஐயா எழுதியதைப் படித்தேன். லிட்டருக்கு 13 ரூபாய் என்று அவர் சொல்வது எங்களுக்கு நாளைக்கு 50 ரூபாய்க்கு மேல். நூறு கிலோமீட்டர் ஓடினால் நான்கு லிட்டர் குடிக்கும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நின்று புறப்படும் சென்னை நெரிசலில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நாளொன்றுக்கு 400 ரூபாய் பெட்ரோலுக்குப் போகிறது. வாடகை வண்டி ஓட்டுபவருக்குக் காலையில் சாவியை வாங்கும்போதே நாள் வாடகையும் கடனாக நிற்கிறது. இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வீட்டுக்கு.

எங்களுடைய உண்மையான சிக்கல் பெட்ரோல் விலையில் மட்டும் இல்லை. வாங்கும் விலை மாறுகிறது, விற்கும் விலை மாறுவதில்லை. சென்னைக்கு அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இது 2013 ஆகஸ்டில் வந்தது, இன்றைக்கும் அதுதான் சட்டப்படியான கட்டணம். அப்போது பெட்ரோல் 74 ரூபாய் அளவில் இருந்தது. பொறுமை இழந்த சங்கங்கள் 2025 பிப்ரவரி 1 தொடங்கி, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று தாமாகவே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. பெங்களூருவில் இந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு 18 ரூபாய் என்று அந்த ஊர் நிர்வாகமே திருத்திக் கொடுத்திருக்கிறது. கேரளத்தில் 2022-லேயே திருத்திவிட்டார்கள்.

மீட்டர் போடாமல் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்கள் என்று எங்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் பழைய கட்டணத்தில் ஓட்டினால் யாருக்குக் கட்டும் என்று எழுதிய பத்திரிகையை நான் பார்த்ததில்லை.

ஏட்டுக்கணக்கர்

அயனாவரத்து அண்ணாவின் கோரிக்கை நியாயமானது. அதற்குப் பெட்ரோலை மட்டும் காரணமாகக் காட்டினால் கோரிக்கை வலுவிழக்கும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

74 ரூபாயிலிருந்து 101 ரூபாய்க்கு ஏற்றம் 27 ரூபாய். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 8 காசு. சவாரி இல்லாமல் வெறும் வண்டியாக ஓடும் தூரத்தையும் சேர்த்து, ஆளோடு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் பெட்ரோல் செலவாகிறது என்று தாராளமாகவே கொள்வோம். அப்போதும் 1 ரூபாய் 62 காசுதான். எரிபொருள் ஏற்றத்தை மட்டும் ஈடுகட்ட வேண்டுமென்றால் 12 ரூபாய்க் கட்டணம் 13 ரூபாய் 60 காசாக ஆனால் போதும். 18 ரூபாய் தேவைப்படாது. எஞ்சிய நாலரை ரூபாய் எதற்காக? காப்பீடு, தகுதிச் சான்று, டயர், உதிரிப் பாகங்கள், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்காக. பன்னிரண்டு ஆண்டுகளில் இவையெல்லாம் ஏறியிருக்கின்றன, பலவும் பெட்ரோலைவிட வேகமாக ஏறியிருக்கின்றன. பெட்ரோல் விலை மட்டும் பங்கில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கப்பட்டிருப்பதால் எல்லாப் பழியும் அதன்மேல் விழுகிறது.

நாளைக்கே பெட்ரோல் 85 ரூபாய்க்கு வந்துவிட்டால், அந்த வாதத்தை வைத்தே கட்டண உயர்வை மறுப்பார்கள் என்பதையும் சங்கங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அயனாவரம் ஆட்டோ

கணக்கு சரிதான் ஐயா, ஆனால் அது ஆண்டுக் கணக்கு. எங்கள் பிழைப்பு நாள் கணக்கு. காப்பீடு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, அதற்கு முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவைக்கவோ வட்டிக்கு வாங்கவோ வழி உண்டு. பெட்ரோலுக்கு அன்றைக்கே கையிலிருந்து காசு போக வேண்டும். சவாரி கிடைக்குமா என்று தெரியாத காலை வேளையில் முதலில் போகும் பணம் அதுதான். எங்களில் யாரும் டேங்கை நிரப்பிக்கொண்டு புறப்படுவதில்லை; 200 ரூபாய்க்குப் போட்டு, அது தீர்வதற்குள் சேரும் காசில் மறுபடியும் போடுகிறோம். 2020 ஜூன் 7 முதல் மூன்று வாரம் நாள்தோறும் விலை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் 9 ரூபாய், டீசல் 11 ரூபாய் அளவுக்கு ஏறியது. ஊரடங்கு முழுதாக விலகாத நேரம், சவாரியே கிடையாது. அன்றைக்கு ஒவ்வொரு நாளும் அதே 200 ரூபாய்க்கு வண்டி ஓடும் தூரம் குறைந்துகொண்டே வந்தது.

செயலிகள் வந்த பிறகு கட்டணத்தை நிர்ணயிப்பவர் நாங்களும் இல்லை, அரசும் இல்லை. பெட்ரோல் ஏறினாலும் இறங்கினாலும் திரையில் வரும் தொகையை ஏற்பதா விடுவதா என்ற ஒரு முடிவு மட்டுமே எங்களிடம் இருக்கிறது. தரகுத் தொகைக்குப் பதிலாக நாளுக்கு இவ்வளவு என்று சந்தா வாங்கும் முறை வந்த பிறகு சற்று மூச்சு விட முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடலூர் ஆசிரியை

பணிக்குச் செல்வதற்காக நாள்தோறும் ஸ்கூட்டர் ஓட்டுபவள் நான். எங்கள் பகுதியில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு முகம் உண்டு. புதுச்சேரி எல்லைக்குள் பெட்ரோல் நம்மைவிட லிட்டருக்கு 4 ரூபாய்க்கு மேல் மலிவு, டீசலில் இடைவெளி இன்னும் அதிகம். ஆதலால் எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை இருப்பவர் எல்லோரும் அங்கேதான் நிரப்புகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பங்குகளில் ஈ ஓட்டும் நிலை. காரைக்காலை ஒட்டிய நாகை மாவட்டத்திலும் இதே நிலைதான் என்று உறவினர்கள் சொல்வார்கள். எண்ணெய் ஒன்றுதான், வந்து சேரும் தொலைவும் ஏறத்தாழ ஒன்றுதான். மாநில வரி மட்டுமே வேறு. விலையில் வரி எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்று மாணவர்களுக்கு விளக்க எங்களுக்கு வேறு பாடப்புத்தகம் தேவையில்லை.

என் ஐயம் வேறு. விலை மாறாமல் நிற்கிறது என்று நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். ஊற்றப்படும் பெட்ரோல் மாறிவிட்டதே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த ஆண்டு எல்லா இடங்களுக்கும் வந்துவிட்டது. எத்தனாலுக்கு எரிதிறன் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மைலேஜ் எவ்வளவு குறையும் என்று யாராவது சொல்ல முடியுமா?

நங்கநல்லூர் வாசகன்

ஆசிரியையின் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே ஒரு மதிப்பீடு இருக்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு, பத்து விழுக்காட்டுக் கலவைக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்ட இரு சக்கர வாகனங்கள் இருபது விழுக்காட்டுக் கலவையில் ஓடினால் எரிபொருள் திறன் 3 முதல் 4 விழுக்காடு குறையும். அதே வகைக் கார்களில் 6 முதல் 7 விழுக்காடு குறையும். இருபதுக்கென்றே சீரமைக்கப்பட்ட புதிய வண்டிகளில் இழப்பு இதைவிடக் குறைவு. ஓட்டும் முறையும் பராமரிப்பும் அதைவிடப் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தும் என்பது அமைச்சகத்தின் விளக்கம்.

இதை ஒரு மாதச் செலவில் பொருத்திப் பார்த்தேன். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 26 வேலை நாள், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் மாதம் 23 லிட்டர், 2,330 ரூபாய். லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்ததால் மிச்சமாவது மாதம் 46 ரூபாய். மூன்றரை விழுக்காடு மைலேஜ் இழப்பால் கூடுதலாகப் போவது 80 ரூபாய். தேர்தலை ஒட்டி 2024-இல் கொடுக்கப்பட்ட குறைப்பு, பழைய வண்டிக்காரர்களிடமிருந்து சத்தமில்லாமல் திரும்ப எடுக்கப்பட்டுவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். விலைப் பலகையில் இது தெரியாது. எத்தனாலின் கொள்முதல் விலை பெட்ரோலின் ஆலை விலையைவிடக் கூடிவிட்டது என்று அமைச்சகம் கூறுவதால், கலவை கூடினால் விலை குறையும் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது பொருந்தாது. கரும்பு, மக்காச்சோளம் பயிரிடும் உழவருக்கு வருமானமும் அந்நியச் செலாவணிச் சேமிப்பும் கிடைக்கின்றன என்பதை மறுக்கவில்லை. அதற்கான செலவில் ஒரு பகுதியைப் பழைய மொபெட் ஓட்டுபவர் ஏற்கிறார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாமக்கல் லோடு

இதுவரை எல்லோரும் பெட்ரோலைப் பற்றியே பேசினீர்கள். நாட்டை ஓட்டுவது டீசல். லாரித் தொழிலில் ஒரு நடைக்கு ஆகும் செலவில் ஏறத்தாழப் பாதி டீசலுக்குப் போகும். லோடு ஏற்றிய வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. ஆயிரம் கிலோமீட்டர் நடைக்கு 250 லிட்டர், 23,000 ரூபாய். இதற்கு மேல் சுங்கச்சாவடி, ஓட்டுநர் பேட்டா, டயர்த் தேய்மானம், வங்கித் தவணை.

நான் இங்கே பெரும்பாலோருக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லப்போகிறேன். எங்களுக்கு விலை நிலையாக நிற்பதுதான் நல்லது, சற்றுக் கூடுதலான விலையில் நின்றாலும்கூட. வாடகை பேசி லோடு ஏற்றிய பிறகு வண்டி ஊர் போய்ச் சேர நான்கைந்து நாள் ஆகும். இடையில் டீசல் ஏறினால் அந்த நட்டம் முழுவதும் வண்டிக்காரனுக்கு. சரக்குக்காரர் ஒரு ரூபாய் கூட்டித் தர மாட்டார். 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை இரண்டு வாரத்தில் 10 ரூபாய் ஏற்றினார்களே, அப்போது ஆயிரம் கிலோமீட்டர் நடையில் 2,500 ரூபாய் கரைந்தது. பல நடைகளில் மொத்த மிச்சமே அவ்வளவுதான் இருக்கும். அதற்கு முன்னால் 2021 நவம்பர் 4 தொடங்கி நான்கரை மாதம், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலத் தேர்தல்கள் முடியும் வரை, விலையே அசையவில்லை என்பதும் நினைவிருக்கும். அடக்கிவைத்து ஒரேயடியாக அவிழ்த்துவிடுவதைப் போல் எங்களுக்குக் கேடு வேறில்லை.

பெரிய நிறுவனங்களோடு ஆண்டு ஒப்பந்தத்தில் ஓடும் வண்டிகளுக்கு டீசல் விலையைப் பொறுத்து வாடகை கூடிக் குறையும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு அப்படி எதுவும் கிடையாது. புக்கிங் அலுவலகத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது கிடைத்த வாடகைக்குப் போக வேண்டியதுதான், ரிட்டர்ன் லோடுக்கு அதையும்விடக் குறைவு. டீசல் ஏறினால் காய்கறி விலை ஏறும் என்கிறார்கள், ஏறத்தான் செய்கிறது; அந்த ஏற்றம் லாரிக்காரனுக்கு வந்து சேர்வது கடைசியில்தான்.

ஆசிரியை அம்மா சொன்ன எல்லைக் கதை எங்களுக்கும் உண்டு. 2024 ஜூன் வரை கர்நாடகத்தில் டீசல் 86 ரூபாய்க்கும் குறைவு. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் 300 லிட்டர் பிடித்தால் 1,900 ரூபாய் மிச்சமாகும், வடக்கே போகும் வண்டியெல்லாம் அந்தக் கணக்கோடுதான் புறப்படும். அவர்கள் 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் வரியைக் கூட்டியதும் இடைவெளி ஒன்றரை ரூபாய்க்குள் வந்துவிட்டது.

வலிகாமம்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் விவாதத்துக்கு எங்கள் அனுபவம் பயன்படலாம், ஏனெனில் விலையை அடக்கிவைப்பதன் முடிவு எப்படி இருக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

2021 டிசம்பரில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபாய். 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, யூன் இறுதியில் 470 ரூபாய். ஆனால் விலையைவிடப் பெரிய இடர் எண்ணெயே இல்லாமற் போனதுதான். டொலர் இல்லை, கப்பல் இல்லை. நிரப்பு நிலையங்களுக்கு வெளியே நாட்கணக்கில் வாகனங்கள் வரிசையில் நின்றன. முச்சக்கரவண்டி ஓட்டுபவர் வரிசையில் நிற்கும் நாள் உழைக்காத நாள். பிறகு யூலையில் கியூ.ஆர். முறை வந்து, கிழமைக்கு (வாரத்துக்கு) மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கிட்டார்கள். ஐந்து லீற்றரில் ஒரு கிழமை உழைப்பது எப்படி என்று அயனாவரத்து அண்ணருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த முறை 2023 செப்ரெம்பரில்தான் நீங்கியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில், தொடக்கத்துக்குச் சில துளி பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எங்கள் ஊருக்குத் தட்டுப்பாடு புதிதல்ல, ஆனாலும் 2022-ஐ யாரும் மறக்க மாட்டார்கள்.

இப்போது மாத முடிவில் சூத்திரத்தின்படி விலை திருத்தப்படுகிறது. ஒரு மாதம் கூடுகிறது, இன்னொரு மாதம் குறைகிறது, சில மாதம் மாற்றமில்லை. 470-இல் இருந்த பெற்றோல் இந்த ஆண்டில் 300 ரூபாயை ஒட்டி நிற்கிறது. வரிச்சுமை அதிகம் என்ற குறை எங்களுக்கும் உண்டு, சூத்திரத்தின் உள்விவரங்கள் தெளிவில்லை என்ற குறையும் உண்டு. எனினும் இறங்கும் விலையும் எங்களை வந்தடைகிறது. இங்கே விற்பனை செய்யும் லங்கா ஐ.ஓ.சி. உங்கள் இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம்தான். தாய் நிறுவனம் உங்கள் நாட்டில் செய்யாத ஒன்றை அதன் பிள்ளை எங்கள் நாட்டில் மாதந்தோறும் செய்கிறது என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

நாமக்கல் லோடு

யாழ்ப்பாணத்து நண்பருக்கு நன்றி. மாதம் ஒருமுறை, முன்கூட்டியே தெரிந்த தேதியில் என்றால் எனக்கு மறுப்பில்லை. முப்பதாம் தேதிக்கு மேல் வாடகை பேசும்போது எச்சரிக்கையாக இருந்துகொள்வோம். நான் எதிர்ப்பது தினசரித் திருத்தத்தையும், தேர்தல் நாட்காட்டியைப் பார்த்து நடக்கும் திருத்தத்தையும்தான். 2017-க்கு முன்னால் இங்கேயும் மாதம் இருமுறை, ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியுமாக, விலை மாறிக்கொண்டிருந்தது. அந்த முறையில் எங்களுக்குப் பெரிய குறை இருந்ததில்லை.

நெறியாளர்

மாநில வரியா மத்திய வரியா என்ற வாக்குவாதமாக மாறிய மூன்று பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. எண்களோடு எழுதுபவர்கள் தொடரலாம்.

ஏட்டுக்கணக்கர்

நீக்கப்பட்ட பதிவுகளில் ஒரு கேள்வி நல்ல கேள்வி என்பதால் எண்களோடே எழுதுகிறேன். சென்னையில் விற்கும் ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 காசு. தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி 13 விழுக்காட்டோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இன்றைய விலையில் அது மொத்தம் 22 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். ஆக இருவரும் ஏறத்தாழச் சமமாக எடுக்கிறார்கள். மத்திய அரசு வாங்கும் 21 ரூபாய் 90 காசில் அடிப்படைக் கலால் வரியான 1 ரூபாய் 40 காசு மட்டுமே மாநிலங்களோடு பகிரப்படுவது. எஞ்சியவை கூடுதல் வரியும் மேல்வரிகளும். அந்த 1 ரூபாய் 40 காசில் 41 விழுக்காடு எல்லா மாநிலங்களுக்குமாக வருவது 57 காசு. மாநிலங்கள் தம் வரியைக் குறைக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக மாநிலத்தைக் குற்றமற்றது என்று சொல்லவில்லை. 2020 மே மாதத் தொடக்கத்தில், கச்சா எண்ணெய் தரையில் கிடந்தபோது, தமிழ்நாடு பெட்ரோலுக்கு 3 ரூபாய் 25 காசும் டீசலுக்கு 2 ரூபாய் 50 காசும் கூட்டியது. இரண்டே நாளில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டியது. அமெரிக்காவில் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் எண்ணெய் ஒப்பந்த விலை சுழியத்துக்கும் கீழே போயிருந்தது. அந்த வரலாறு காணாத இறக்கத்திலிருந்து ஒரு காசுகூட ஓட்டுபவர்களை அடையவில்லை. 2021 ஆகஸ்ட் 13 அன்று நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டின் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரிக்குறைப்பை அறிவித்தபோது, அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றார். லிட்டருக்கு 3 ரூபாய்க்கே அவ்வளவு தொகை என்றால், எந்த நிதியமைச்சரும் ஏன் எளிதில் கைவைக்க மாட்டார் என்பது விளங்கும். டீசலுக்கு அன்று குறைப்பு இல்லை என்பதை நாமக்கல் நண்பர் நினைவில் வைத்திருப்பார்.

பெட்ரோலையும் டீசலையும் சரக்கு சேவை வரிக்குள் (ஜி.எஸ்.டி.) கொண்டுவரும் பேச்சு 2021 செப்டம்பரில் லக்னோவில் நடந்த அந்த வரி மன்றத்தின் கூட்டத்தோடு ஓய்ந்துவிட்டது. இரு தரப்புக்கும் அதில் விருப்பமில்லை. ஆகவே அதை நம்பி யாரும் வண்டி வாங்க வேண்டாம்.

கடலூர் ஆசிரியை

விலை ஏறினால் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் செல்லுங்கள் என்று அறிவுரை கூறுபவர்களுக்காக ஒன்று. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் பள்ளியில் பணிபுரியும் சிலர் அதனால் ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள், அவர்களுக்குப் பெட்ரோல் விலை இப்போது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நான் செல்லும் சிற்றூருக்குக் காலையில் ஒரு பேருந்து, அதைத் தவறவிட்டால் மதியம்தான் அடுத்தது. விலை ஏறும்போது பயணத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி பேருந்து ஓடும் வழித்தடத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் பயணத்தைக் குறைப்பதில்லை, வேறு ஏதாவது ஒரு செலவைக் குறைக்கிறார்கள்.

நங்கநல்லூர் வாசகன்

ஒரு யோசனை. ஆட்டோ மீட்டர் கட்டணத்தையும் சிறு லாரி வாடகையையும் பெட்ரோல் பங்கு விலையோடு இணைத்து, பெட்ரோல் 5 ரூபாய் ஏறினால் கிலோமீட்டருக்கு 30 காசு கூடும், 5 ரூபாய் இறங்கினால் 30 காசு குறையும் என்று விதி செய்தால் என்ன? கணக்கர் காட்டிய விகிதத்தில்தான் சொல்கிறேன். மற்ற செலவுகளுக்கான திருத்தத்தை ஆண்டுக்கு ஒருமுறை தனியாகச் செய்துகொள்ளலாம்.

அயனாவரம் ஆட்டோ

கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையைச் சொல்கிறேன். கட்டணம் மாறினால் ஒவ்வொரு வண்டியின் மீட்டரையும் கழற்றி, கடையில் கொடுத்துத் திருத்தி, எடையளவுத் துறையில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அந்த நாள் முழுவதும் ஓட்டம் இல்லை. கட்டணம், கடைக்கூலி எல்லாம் எங்கள் கையிலிருந்து. 2013-இல் கட்டணம் மாறியபோது திருத்திய அட்டையை வைத்துக்கொண்டு மீட்டர் தொகையோடு ஒப்பிட்டு வாங்கினார்கள், பயணிகளோடு தகராறுதான் மிச்சம். ஜி.பி.எஸ். வசதியோடு மின்னணு மீட்டரை அரசே தரும் என்று அப்போது அறிவித்தார்கள். அது வந்திருந்தால் ஓரிடத்திலிருந்தே எல்லா வண்டிகளுக்கும் கட்டணத்தை மாற்றியிருக்கலாம்.

30 காசு கூடுவதற்கும் குறைவதற்கும் எனக்குச் சம்மதம். இறங்கும்போது நாங்கள் குறைக்க மாட்டோம் என்று நினைக்க வேண்டாம், குறைத்தால் சவாரி கூடும். ஆனால் முதலில் 12 ரூபாயைத் திருத்திவிட்டு அதற்கு மேல் இந்தச் சூத்திரத்தைப் பொருத்துங்கள். அடிப்படைத் தொகை பழையதாகவே இருந்தால் 30 காசு விதியால் மீட்டரைப் போட்டு ஓட்டும் ஒரு வண்டிகூடக் கூடுதலாக வராது.